மலைநாட்டில் ஹூட் கார் வைத்திருப்பவர்களுக்கு: துணிக்கூரையைப் பார்த்துக்கொள்ளும் முறை

ஏப்ரல் சீசனில் மகாகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் பந்தயம் நடக்கும் சமயம் கொழும்புப் பக்கமிருந்து பழைய கார்கள் நுவரெலியாவுக்கு ஏறி வரும். ஹூட்டை மடித்துவிட்டு கிரகரி வாவியைச் சுற்றுவார்கள், படம் எடுப்பார்கள், இறங்கிப் போய்விடுவார்கள். இங்கேயே வீடும் கராஜுமாக இருக்கும் நமக்கு அந்தச் சொகுசு கிடையாது. நம்முடைய கார் மூடுபனியிலும் சாரலிலும்தான் வருடம் முழுக்க நிற்கிறது. கொழும்புக்காரர் சொல்லும் பராமரிப்பும், இங்கிலாந்துக் கையேட்டில் உள்ள பராமரிப்பும் இங்கே பாதிதான் பொருந்தும்.

புதிதாக ஒரு மொரிஸ் மைனரோ, ட்ரையம்ப் ஹெரால்டோ, எம்ஜியோ கைக்கு வந்தவர்கள் முதலில் கேட்பது, “மழைக்குத் தாங்குமா?” என்பதுதான். நல்ல ஹூட் மழைக்குத் தாங்கும். மழைக்காகத்தானே செய்திருக்கிறார்கள்? நனைந்த பிறகு காயாமல் கிடப்பதுதான் அதைக் கெடுக்கிறது. நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வருடச் சராசரி வெப்பம் 16 பாகை அளவுதான். கொழும்பில் ஒரு மணி நேரத்தில் காயும் துணி இங்கே மறுநாள் காலையிலும் ஈரமாக இருக்கும். அந்த ஈரத்தில் பூஞ்சணம் வரும், தையல் நூல் உளுத்துப்போகும், மரச்சட்டம் இருந்தால் அதுவும் இற்றுப்போகும். இனி வரப்போகும் எல்லாமே ஒருவகையில் ஹூட்டைக் காயவைப்பது பற்றித்தான்.

முதலில், கூரை என்ன துணி என்று பாருங்கள்

இது தெரியாமல் கடைக்குப் போய் எதையாவது வாங்கிப் பூசினால், அப்புறம் அதைக் கழற்றுவது பெரும்பாடு. பழைய கார்களில் பொதுவாக மூன்று வகை இருக்கும்.

ஒன்று, பருத்திக் கன்வஸ். ஆரம்பகாலக் கார்களில் இதுதான். நனைந்தால் நூல் உப்பி இடைவெளியை அடைத்துக்கொள்ளும். அதனால் நனைந்த கன்வஸை உள்ளேயிருந்து விரலால் தடவாதீர்கள். தடவிய இடத்தில் நீர் உள்பக்கம் கசியத் தொடங்கும்.

இரண்டாவது வினைல், நம்மவர்கள் ரெக்சின் என்று சொல்வது. தொட்டால் வழவழப்பாக இருக்கும், மேலே தோல்போல ஒரு வரி அச்சு தெரியும். அறுபதுகளின் கார்கள் பலவற்றில் இதைப் பார்க்கலாம். நீரை உறிஞ்சாது. ஆனால் வெயிலில் காய்ந்து இறுகி, மடிப்பு விழும் இடத்தில் வெடிக்கும்.

மூன்றாவது ‘மொஹேர்’ என்று விற்கப்படும் துணி. பெயர் ஆட்டு உரோமத்தினுடையது என்றாலும் இன்று கிடைப்பவற்றில் மேல்துணி பெரும்பாலும் அக்ரிலிக். நடுவில் ஒரு இறப்பர் படலம், அடியில் பருத்தி கலந்த ஒரு உள்துணி. ஓரத்தை மெதுவாகப் புரட்டிப் பார்த்தால் இந்த மூன்று அடுக்கும் கண்ணுக்குத் தெரியும். மழையை உண்மையில் நிறுத்துவது அந்த நடு இறப்பர்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு பயன்படும்.

நம் ஊரில் நான்காவது வகை ஒன்றும் உண்டு. குஷன் கடையில், கையில் அகப்பட்ட சீட் ரெக்சினில் தைத்துப் போட்டது. காரை வாங்கும்போதே இதைக் கவனியுங்கள். சீட்டுக்குச் செய்த ரெக்சின் வெளிவெயிலுக்குச் செய்யப்பட்டதல்ல. எவ்வளவு பராமரித்தாலும் சீக்கிரம் வெடிக்கும். அதற்கு விலையுயர்ந்த திரவங்கள் வாங்கிச் செலவழிப்பதைவிட அந்தக் காசைப் புது ஹூட்டுக்குச் சேர்த்து வைப்பது நல்லது.

மைனர் வாங்குகிறவர்களுக்கு மட்டும் இன்னொரு சொல்: தொழிற்சாலையிலேயே திறந்த காராக வந்த மைனர் 1969 வரைக்கும்தான். மூடிய காரின் கூரையை அறுத்து ஹூட் போட்டவையும் ஓடுகின்றன. அடிச்சட்டத்துக்குக் கூடுதல் பலம் கொடுக்காமல் அறுத்திருந்தால் நடுவில் உடல் தொய்யும். தொய்ந்தால் ஹூட்டின் கொக்கி ஒருநாளும் சரியாகப் பொருந்தாது. கொக்கி பொருந்தவில்லை என்று துணியைக் குறை சொல்வதற்கு முன், கதவு இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவாக இருக்கிறதா என்று பாருங்கள்.

தேவையான சாமான்கள்

ஒரு மென்மையான பிரஷ் (தும்பு பிரஷ் வேண்டாம், அது துணியின் நூலைக் கிளப்பிவிடும்), இரண்டு வாளி, மைக்ரோஃபைபர் துணிகள், கார் ஷாம்பு அல்லது ஹூட்டுக்கென்றே விற்கும் கிளீனர், நிறமில்லாத வினாகிரி, பழைய மென்மையான துவாய் ஒன்று. பின்கண்ணாடி பிளாஸ்டிக்காக இருந்தால் பிளாஸ்டிக் பொலிஷ். நீர்காப்புத் திரவத்தை இப்போதே வாங்கத் தேவையில்லை, அதற்குக் காலம் இருக்கிறது.

வாங்கக் கூடாதவை: பிளீச், தின்னர், பெற்றோல், மண்ணெண்ணெய். கறை போகவில்லை என்றதும் கைக்கு எட்டும் பெற்றோலில் துணியை நனைத்துத் தேய்ப்பவர்கள் உண்டு. கறை போகும், கூடவே நடுவிலுள்ள இறப்பரும் கரையும். பிளீச் தையல் நூலைத் தின்னும். உடுப்புத் தோய்க்கும் தூளும் வேண்டாம். அது துணிக்குள் தங்கிவிட்டால் நீர் உருண்டு ஓடாமல் ஊறத் தொடங்கும். டாஷ்போர்டைப் பளபளக்க வைக்கும் சிலிக்கன் ஸ்பிரேயைத் துணிக்கு அடித்தால் தூசி எல்லாம் அதில்தான் வந்து ஒட்டும்.

கழுவுவது

காரைக் கழுவும் ஒவ்வொரு முறையும் ஹூட்டைச் சவர்க்காரம் போட்டுக் கழுவவேண்டாம். வாரம் ஒருமுறை, நன்றாகக் காய்ந்திருக்கும்போது, பிரஷால் முன்னிருந்து பின்னாக ஒரே திசையில் தட்டிவிட்டால் போதும். மரத்தடியில் நிறுத்துபவர்கள் தையல் ஓரங்களையும் பின்கண்ணாடியின் கீழ் விளிம்பையும் மறக்காதீர்கள். டர்பன்டைன், சைப்ரஸ் மர இலைகள் அங்கேதான் போய்ச் சேரும். சேர்ந்து மக்கினால் பாசி பிடிக்கும்.

விறகடுப்புப் புகைபோக்கிக்குப் பக்கத்திலோ, தேயிலைத் தொழிற்சாலைக்குக் கீழ்க்காற்றிலோ கார் நின்றால் கதை வேறு. அந்தக் கரியில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். காய்ந்த பிரஷ் போட்டால் அதைத் துணிக்குள் அழுத்திவிடுவீர்கள். முதலில் வாக்கியூமால் உறிஞ்சிவிட்டு, மிச்சத்தைத் தண்ணீரில்தான் எடுக்கவேண்டும்.

முழுதாகக் கழுவுவது வருடத்தில் இரண்டு மூன்று தடவை போதும். அதற்கு நாள் பார்ப்பதுதான் பாதி வேலை. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் வரை ஓரளவு நம்பலாம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. வட்டவளை, கினிகத்தேனைக்காரர்கள் அந்த மாதங்களில் கழுவுவதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். பண்டாரவளை, வெலிமடை, அப்புத்தளைக்காரர்களுக்கு இது தலைகீழ். அங்கே ஜூன் முதல் ஓகஸ்ட் வரை கச்சான் காற்று காய்ச்சி எடுக்கும், ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரைதான் மழை. ஒரே மலைநாடு என்றாலும் ஹட்டனில் இருப்பவர் சொல்லும் மாதத்தை பண்டாரவளையில் பின்பற்ற முடியாது.

காலை ஒன்பது மணிக்குப் பிறகு தொடங்குங்கள். அதற்கு முன் துணியில் பனி இருக்கும். ஹூட்டைப் போட்டு, கொக்கிகளை மாட்டி, கண்ணாடிகளை ஏற்றிக்கொள்ளுங்கள். காய்ந்த தூசியை முதலில் எடுத்துவிட்டு, குழாயால் மெல்ல நனையுங்கள். பிறகு ஒரு வாளி இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஷாம்பு கலந்து, கூரையைப் பகுதி பகுதியாகப் பிரித்துத் தேயுங்கள். முன்பகுதி, இடது, வலது, பின்பகுதி என்று வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. ஒரு பகுதியின் நுரை காய்வதற்குள் அலசிவிட்டு அடுத்ததற்குப் போகவேண்டும். இரண்டாவது வாளி, பிரஷை அலச மட்டும். அந்த வாளித் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தால்தான் ஹூட்டில் எவ்வளவு அழுக்கு இருந்தது என்பது தெரியும்.

அலசுவதில் அவசரப்படாதீர்கள். கையால் அழுத்தினால் நுரை வராத வரைக்கும் தண்ணீர் விடவேண்டும். சவர்க்காரம் மிஞ்சினால் பின்னால் போடப்போகும் நீர்காப்பு பிடிக்காது.

சேர்விஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனால், அழுத்தக் குழாயை ஹூட் பக்கம் திருப்பவேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நில்லுங்கள். பையன்கள் பழக்கதோஷத்தில் அடித்துவிடுவார்கள். அந்த வேகம் தையல் துளைகளை அகலமாக்கும், துணியின் பஞ்சைக் கிளப்பும், இறப்பர் பீடிங்கைத் தாண்டி உள்ளே சீட்டுக்கும் போகும்.

பறவை எச்சம் காய்ந்திருந்தால் சுரண்டாதீர்கள். ஈரத்துணியை மேலே போட்டுக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, தானாகக் கழன்றதும் எடுக்கவேண்டும். மரப்பிசினுக்கு நேர்மாறு: ஐஸ்கட்டியை ஒரு பையில் போட்டு மேலே வைத்தால் பிசின் இறுகி உடைந்துவிடும்.

பூஞ்சணம்

மலையில் ஹூட் வைத்திருப்பவர் எவரும் இதிலிருந்து தப்பமுடியாது. வெளிப்பக்கத்தைவிட உள்பக்கத்தில், அதுவும் கூரை மடியும் கோட்டில், முதலில் சிறு கறுப்புப் புள்ளிகளாக வரும். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கதவைத் திறந்ததும் பூட்டிக்கிடந்த அலுமாரி வாடை அடிக்கும். வாடை வந்த அன்றே டோர்ச் ஒன்றை எடுத்து, சட்டத்தின் குறுக்குக் கம்பிகளில் துணி தொடும் இடங்களைப் பாருங்கள்.

அகற்றும் முறை இது. வெயில் இருக்கும் நாளில், வெளியில், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காய்ந்த நிலையில் மென்மையாகப் பிரஷ் போட்டு மேலே இருக்கும் தூளை எடுங்கள். வீட்டுக்குள்ளோ மூடிய கராஜிலோ இதைச் செய்யாதீர்கள், வித்துக்கள் எல்லாம் சீட்டில் போய் உட்காரும். பிறகு ஒரு பங்கு வினாகிரிக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்து, மறைவான ஒரு மூலையில் தொட்டுப் பாருங்கள். நிறம் மாறவில்லையா, சரி. ஈரத்துணியால் ஒற்றி, கால் மணி நேரம் விட்டு, மெதுவாகத் தேய்த்து, நல்ல தண்ணீரில் துடைத்து எடுங்கள். தென்னை வினாகிரி சமையலுக்கே இருக்கட்டும். அதில் கலங்கலும் நிறமும் உண்டு. கடையில் கிடைக்கும் நிறமற்ற செயற்கை வினாகிரியே இதற்குத் தோது. குரோம், வெறும் இரும்பு எதிலாவது வினாகிரி வழிந்தால் உடனே துடைத்துவிடுங்கள்.

வினைல் ஹூட்டில் பூஞ்சணம் மேற்பரப்பில்தான் இருக்கும், துடைத்தால் போகும். துணியில் ஆழமாகப் போன கறுப்புத் தடம் முழுதாகப் போகாது. பூஞ்சணம் செத்துவிட்டால் போதும், தடம் கிடந்துவிட்டுப் போகட்டும். அதையும் எடுக்கிறேன் என்று தேய்த்துத் தேய்த்து உள்துணியைக் கிழித்துக்கொள்பவர்கள்தான் அதிகம்.

காயவைத்தல்

கழுவி முடிந்ததும் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். தேய்க்காதீர்கள். பிறகு காற்றோட்டமான இடத்தில், ஹூட் போட்டபடியே, கண்ணாடிகளை இரண்டு விரல் அளவு இறக்கி விடுங்கள். உள்ளேயும் காற்று போகவேண்டும். இளவெயில் நல்லது. உச்சி வெயிலில் நாள் முழுக்க விடவேண்டாம். இங்கே குளிர்கிறதே என்று வெயிலைக் குறைத்து எடைபோடாதீர்கள். உயரம் கூடக்கூட புறஊதாக் கதிரும் கூடும், கறுப்பு ஹூட் சாம்பலாக வெளுப்பதற்கு அதுதான் காரணம்.

தொட்டுப் பார்த்தால் காய்ந்ததுபோல இருக்கும். ஆனால் தையல் இரட்டிப்பாக மடிந்த ஓரமும், பின்பக்கம் உடலோடு பட்டன் போட்டு இறுக்கிய கீழ்விளிம்பும் உள்ளே ஈரமாகவே இருக்கும். அந்த விளிம்பை விரல்களுக்கு நடுவில் வைத்து அழுத்துங்கள். குளிர்ச்சி தெரிந்தால் இன்னும் காயவில்லை.

மூன்று மணிக்கு மேல் பனி இறங்கத் தொடங்கினால், பாதி காய்ந்த காரை கராஜுக்குள் கொண்டுபோய் ஒரு மின்விசிறியை முன்னால் வையுங்கள். ஹீட்டரைத் துணிக்குப் பக்கத்தில் வைக்கவேண்டாம்.

நீர்காப்பு போடுவது

தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டு ஓடினால் ஒன்றும் செய்யத் தேவையில்லை. துணி கறுத்து ஊறினால் நீர்காப்பு போடும் நேரம் வந்துவிட்டது. துணி ஊறினாலும் மொஹேர் வகையில் உள்ளே ஒழுகாது, நடுவில் இறப்பர் இருக்கிறதல்லவா? அப்படியானால் எதற்கு நீர்காப்பு? ஊறிய துணி காய நாட்கள் எடுக்கும், அந்த நாட்களில் பூஞ்சணம் வந்துவிடும். கொழும்புக்காரர் இதை விட்டுவிடலாம், நமக்கு முடியாது.

மொஹேருக்கும் அக்ரிலிக் துணிக்கும் ஃபுளோரோ வகை (ஃபுளோரின் சேர்ந்த) நீர்காப்புத் தெளிப்பு. பருத்திக் கன்வஸுக்கு, கூடாரத் துணிக்குப் போடும் மெழுகுவகை நீர்காப்பும் பொருந்தும். வினைலுக்கு இவை எதுவும் வேண்டாம், புறஊதாக் கதிரைத் தடுக்கும் வினைல் பாதுகாப்புத் திரவம் போதும்.

புதியவர்கள் மலைநாட்டில் தடுக்கி விழும் இடம் இதுதான்: ஃபுளோரோ வகைத் தெளிப்புகளில் பலவற்றுக்கு 20 பாகைக்கு மேல் வெப்பம் இருந்தால்தான் ஒழுங்காகப் பிடிக்கும். போத்தலின் பின்பக்கம் வாசித்துப் பாருங்கள். நுவரெலியாவில் டிசம்பர் மாதம் கராஜுக்குள் வைத்து அடித்தால் காசுதான் போகும். பெப்ரவரி, மார்ச்சில் மேகமில்லாத நாளில், பதினொரு மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில் அடியுங்கள். அப்படி நாள் அமையவில்லை என்றால், கம்பளையிலோ கண்டியிலோ சொந்தக்காரர் வீடு இருந்தால் முதல்நாளே காரைக் கொண்டுபோய் அங்கே வைத்துச் செய்யுங்கள். ராத்திரி அங்கேயே நிற்கட்டும். அன்றைக்கே றம்பொடை ஏறினால் லபுக்கலை மூடுபனி ஈரக் கூரையில் உட்காரும்.

கண்ணாடியையும் பெயிண்டையும் பழைய துணியாலும் நாடாவாலும் மூடிவிடுங்கள். தெளிப்பு அவற்றில் பட்டுக் காய்ந்தால் மங்கலாகிவிடும். துணி சுத்தமாகவும் முழுக்கக் காய்ந்தும் இருக்கவேண்டும். ஒரு சாண் தூரத்திலிருந்து மெல்லிதாக, சீராக, ஒரு தடவைக்கு மேல் இன்னொரு தடவை சிறிது ஏறும்படி அடியுங்கள். தையல்களுக்குக் கொஞ்சம் கூட. வழிந்தால் துடைத்துவிடுங்கள். காய்ந்ததும் இரண்டாவது பூச்சு. ஒரு தடித்த பூச்சைவிட இரண்டு மெல்லிய பூச்சுகள் நன்றாகப் பிடிக்கும். ஒரு நாள் முழுக்க மழை படாமல் வைத்திருங்கள்.

பிளாஸ்டிக் பின்கண்ணாடி

இதைக் காய்ந்த துணியால் துடைக்கவே கூடாது. தூசியே உப்புத்தாள்போல வேலை செய்யும். முதலில் நிறையத் தண்ணீர், பிறகு ஈர மைக்ரோஃபைபர். அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர் பிளாஸ்டிக்கை மங்கவைக்கும். இலேசாக மஞ்சளடித்திருந்தால் பிளாஸ்டிக் பொலிஷால் பாதியாவது தெளியும். பழுப்பாகி இறுகிவிட்டால் பொலிஷ் போட்டு நேரத்தை வீணாக்காமல், அந்தப் பகுதியை மட்டும் வெட்டிப் புதிது வைத்துத் தைக்கலாம். முழு ஹூட்டையும் மாற்றத் தேவையில்லை.

மடிப்பது

இரண்டு விதி. ஈரமாக இருந்தால் மடிக்காதே. குளிராக இருந்தாலும் மடிக்காதே.

ஈரத்தில் மடித்து வைத்த ஹூட் பூஞ்சணம் பிடிக்கும், சுருங்கும், மடிப்புத் தடம் நிரந்தரமாகும். வழியில் வேறு வழியில்லாமல் மடித்துவிட்டீர்கள் என்றால், வீட்டுக்கு வந்ததும் தேநீர் குடிப்பதற்கு முன் திறந்து போட்டுவிடுங்கள். குளிர் விடயம் பலருக்குத் தெரியாது. ஜனவரி, பெப்ரவரி காலைகளில் நுவரெலியாவில் உறைபனி விழும். அந்தக் குளிரில் பிளாஸ்டிக் கண்ணாடியும் பழைய வினைலும் விறைத்துப்போய் இருக்கும், மடித்தால் பட்டென்று வெடிக்கும். வெயிலில் அரை மணி நேரம் நிறுத்தி, கண்ணாடியைக் கையால் தொட்டுப் பாருங்கள். வளைந்து கொடுத்தால்தான் மடிக்கலாம்.

மடிக்கும்போது முன் கொக்கிகளைக் கழற்றி, பக்கப் பட்டன்களை விடுவித்து, சட்டத்தை மெல்லத் தூக்கிப் பின்னால் கொண்டுபோங்கள். துணியை இழுக்காதீர்கள், சட்டத்தைப் பிடியுங்கள். இரண்டு பேர் செய்தால் நல்லது. பின்கண்ணாடி மடியும் இடத்தில் பழைய துவாயை வையுங்கள், பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் உரசக் கூடாது. கம்பிகளுக்கு நடுவில் துணி மாட்டியிருக்கிறதா என்று இருபக்கமும் பாருங்கள். கிழிசல்களில் பெரும்பாலானவை ஓட்டத்தில் வருவதில்லை, இங்கே கத்தரி விழுவதுபோல் மாட்டித்தான் வருகின்றன.

நெடுநாள் மடித்தே கிடந்த ஹூட்டைத் திறந்தால் முன் கொக்கி எட்டாது. இரண்டு பேர் தொங்கி இழுத்து மாட்டப் பார்ப்பார்கள். வேண்டாம். வெயிலில் திறந்து போட்டு, எட்டிய அளவுக்கு விட்டு, துணி சூடேறித் தளர்ந்தபின் மாட்டுங்கள். ஒரு நாளில் சரிவராவிட்டால் அடுத்த வெயில் நாளில் பாருங்கள்.

நிறுத்தி வைப்பது

ஹூட்டைப் போட்டுத்தான் நிறுத்தவேண்டும். மேலே போர்த்த பிளாஸ்டிக் படங்கு வேண்டாம். மழையை மறைப்பது உண்மைதான், ஆனால் நிலத்திலிருந்து எழும் ஈரத்தையும் உள்ளேயே அடைத்துவைக்கும். காலையில் படங்கைத் தூக்கினால் உள்பக்கம் நீர் வழிவதைப் பார்க்கலாம். காற்றுப் போகும் துணியுறை வாங்குங்கள், அல்லது தகரக் கூரையே போதும் என்று விடுங்கள். தகரக் கூரை என்றால் அதிகாலையில் அதிலிருந்து பனிநீர் சொட்டும். கார் நிற்கும் இடத்துக்கு மேல் மட்டும் ஒரு பலகையோ தட்டியோ அடித்துக்கொள்ளலாம்.

மண்தரைக் கராஜானால் சீமெந்து போடுங்கள். முடியாவிட்டால் காருக்கு அடியில் மட்டும் தடித்த பொலித்தீன் விரித்து அதன்மேல் பலகை வையுங்கள். எலிக்குத் தீர்வு, காருக்குள் பிஸ்கட் துணுக்குக்கூட இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான். மழைக்காலத்தில் கார் ஓடாவிட்டாலும் வாரம் ஒருமுறை கதவுகளைத் திறந்து ஒரு மணி நேரம் காற்றாட விடுங்கள்.

சட்டத்தின் பிணைச்சல்களுக்கு ஆறு மாதத்துக்கொருமுறை ஒரு துளி மெல்லிய எண்ணெய் விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். துணியில் பட்ட எண்ணெய்க் கறை போகாது. இறப்பர் பீடிங்குகளுக்கு சிலிக்கன் கிரீஸ். துணிக்கு வேண்டாம் என்று சொன்ன சிலிக்கனுக்கு இங்கே வேலை இருக்கிறது.

ஒழுகினால், கிழிந்தால்

துணிதான் ஒழுகுகிறது என்று முடிவுகட்டாதீர்கள். ஒருவர் உள்ளே டோர்ச்சோடு உட்கார, இன்னொருவர் வெளியே குழாயால் மெதுவாக, கீழிருந்து மேலாகத் தண்ணீர் விடட்டும். பெரும்பாலும் முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல் பீடிங்கிலோ, கதவுக் கண்ணாடியின் மேல் மூலையிலோதான் வரும். துணிப்பக்கமாக வந்தால் அநேகமாகத் தையல் துளை வழியாகவே இருக்கும். அதற்குத் தையல் அடைப்புத் திரவம் உண்டு, உள்பக்கத்திலிருந்து மெல்லிய கோடாகப் பூசினால் போதும்.

சிறு ஓட்டைக்கு சுப்பர் குளூ போட்டால் அந்த இடம் கண்ணாடிபோல இறுகி, சுற்றிலும் புதுக் கிழிசல் வரும். அதே வகைத் துணியில் ஒரு துண்டை வட்டமாக வெட்டி, இறப்பர் பசையால் உள்பக்கம் ஒட்டுங்கள். மூலை வைத்து வெட்டினால் மூலைதான் முதலில் உரியும்.

நூல் உளுத்த ஹூட்டைக் குஷன் பாஸிடம் கொடுக்கும்போது, “பழைய துளையிலேயே தையுங்க பாஸ், நூல் பொலியெஸ்டர் போடுங்க” என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சீட்டுக்குப் போடும் நூலையே போட்டு, பழைய துளைக்குப் பக்கத்தில் புதுத் துளை வரிசை ஒன்று போட்டுவிடுவார். இரண்டு வரிசைத் துளை என்றால் தபால்தலை கிழிவதுபோலக் கிழியும். பருத்தி நூல் நம் ஈரத்துக்குச் சில மழைக்காலம்கூடத் தாங்காது.

புது ஹூட்தான் என்று முடிவானால், வெயில் உள்ள நாளில் மாட்டச் சொல்லுங்கள். குளிரில் இழுத்து மாட்டிய வினைல் வெயில் ஏறியதும் தொய்ந்து, ஓட்டத்தில் படபடவென்று அடிக்கும். கழற்றிய பழைய ஹூட்டைக் கடையிலேயே விட்டுவராதீர்கள். எவ்வளவு கிழிந்திருந்தாலும் தையலைப் பிரித்து, பகுதிகளுக்கு இடம் வலம் என்று சோக்கால் எழுதி, காய்ந்த இடத்தில் சுருட்டி வையுங்கள். உங்கள் காருக்கு அச்சு அது ஒன்றுதான்.